ஆளில்லா ஓவர்

மற்றவர்களை ஓய்வுபெறச் செய்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு தேநீர்க் கடை. அங்கே தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேரெதிரே, நான் குந்தியிருக்க ஒரு மர வாங்கு. அந்த வாங்கில் இருந்தபடி நான் வீட்டுக்கு அனுப்பிவைக்காத துடுப்பாட்ட வீரன் உலகத்தில் இல்லை. "காலைப் பாருங்கோ, சீமெந்துக்குள்ள நட்டுவைச்ச மாதிரி நிக்கிறான். இவனை ஆர் இன்னும் வைச்சிருக்கிறது?" என்று கேட்பேன். தேநீர் குடிக்க வந்தவர்கள் தலையாட்டுவார்கள். பெட்டிக்குள் இருப்பவன் மட்டும் காதில் போட்டுக்கொள்ளமாட்டான். அடுத்த தொடருக்கும் வந்து நிற்பான்.

எனக்கென்று ஒரு கொள்கையும் இருந்தது. பந்து துடுப்பில் படுவதை முதலில் கண் காணவேண்டும். சத்தம் பிறகுதான் காதில் விழவேண்டும். என்றைக்குச் சத்தம் முந்திக்கொண்டு வந்து, பந்து எங்கே என்று தேடவேண்டி வருகிறதோ, அன்றைக்கே சப்பாத்தைக் கழற்றிவிட வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன், வண்டி வயிற்றை மேசை விளிம்பில் ஆறப்போட்டுக்கொண்டு.

கடைக்காரர் கிண்ணியா ஆள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒருநாள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு சொல்றீங்களே அண்ணன், நீங்க எப்ப விடப் போறீங்க?"

"என்ர கதை வேற" என்றேன்.

"அவனுக்கிட்டக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவான்" என்று தொலைக்காட்சியைக் காட்டினார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். இளவயதில் சில வருடங்கள் கொழும்பில் ஒரு கழகத்துக்காகக் காசுக்கு விளையாடினேன். நாட்டு அணிக்கு என்னை எடுக்கவில்லை, நாடு தப்பியது. ஊருக்குத் திரும்பி வந்தபோது துறைமுகப் பக்கத்துக் கம்பெனி ஒன்று, தன் அணிக்கு ஆள் வேண்டுமென்று, களஞ்சியத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தது. கதிரை வெறும் சாட்டு. எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. சனி ஞாயிறில் விளையாடுவதுதான் வேலை. விளையாட்டை விட்டால் உண்மையான வேலை ஒன்று தொடங்கிவிடும். அந்த ஆபத்தை நினைத்தே பல வருடங்கள் உடம்பைத் தேற்றி வைத்திருந்தேன்.

அணியில் கம்பெனிக்கு வெளியே இருந்தும் ஆட்கள் உண்டு; கடைக்காரர்தான் எங்கள் விக்கெட் காப்பாளர். சுடுதேநீர்க் கோப்பைகளை வெறுங்கையால் பிடித்துப் பழகியவர் என்பதால் பந்து அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில், நான் நிற்பேன். துடுப்பின் விளிம்பில் பட்டு வழுக்கி வரும் பந்தைப் பிடிப்பதற்கான இடம் அது. ஓடத் தேவையில்லை, பாயத் தேவையில்லை. கிரிக்கெட்டில் பென்சன் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஆனால் பந்து வந்தால் கண் இமைப்பதற்குள் வந்துவிடும்.

எனக்கு முன் அந்த இடத்தில் நின்றவரை முன்னவர் என்றே சொல்கிறேன். துறைமுகத்தின் இழுவைப்படகில் எஞ்சின் பார்த்தவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் வந்தால் டீசலும் மூட்டுத் தைலமும் கலந்த ஒரு மணம் அவருக்கு முன்னே வரும். ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது "இந்த வருசம்தான் கடைசி" என்பார். அடுத்த பருவத்துக்கும் முதல் ஆளாக வந்து, இடுப்புப் பட்டியை இன்னும் ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு நிற்பார். யாராவது பிடியைத் தவறவிட்டால் அவர் கத்தமாட்டார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரே ஒரு "ச்சு". அதைக் கேட்பதைவிட நல்ல தூசணத்தால் ஏச்சு வாங்கலாம் போலிருக்கும்.

ஒரு வருடம் பருவம் தொடங்குவதற்கு முன், நித்திரையிலேயே போய்விட்டார். கடைசி என்று அவர் சொல்லாத ஒரே வருடம் அதுதான்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆட்டக்காரர் ஒருவர் இறந்துபோனால், அடுத்த ஆட்டத்தில் நாங்கள் பந்துவீசும் முதல் ஓவருக்குப் பத்துப் பேர்தான் இறங்குவோம். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒருவரும் நிற்பதில்லை. பூ வைப்பதில்லை, தொப்பி வைப்பதில்லை, வெறும் புல். ஓவர் முடிந்ததும் பதினோராவது ஆள் உள்ளே வருவார். ஆளில்லா ஓவர் என்று சொல்வோம். எதிரணியும் அந்தப் பக்கம் வேண்டுமென்று அடிக்காது. யார் தொடங்கி வைத்தார்கள் என்று தெரியாது. அணியில் கோயிலுக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் உண்டு. இது ஒருவருடைய சமயத்திலும் இல்லாத சடங்கு என்பதால் எல்லாருக்கும் பொருந்திவிட்டது.

முன்னவருடைய ஆளில்லா ஓவர் நடந்தது கச்சான் காற்று வீசும் காலத்தில். அந்தக் காற்றுக்கு எங்கள் மைதானம் காய்ந்த ரொட்டி மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழைய மதில், நடுவில் வெள்ளை வெயில். நான் அப்போது ஓட முடிந்தவர்கள் நிற்கும் இடத்தில், ஓட முடிந்தவன்போல நின்றேன்.

ஓவரின் நடுவில் ஒரு பந்து விளிம்பில் பட்டது. பட்ட பந்து தரையோடு சீறிக்கொண்டு ஸ்லிப் பக்கம் போனது. காய்ந்த தரை, அது எல்லைக்கோட்டைத் தாண்டி மதிலில் மோதியிருக்க வேண்டும். முன்னவர் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அது நின்றது. உருண்டு, வேகம் குறைந்து நிற்பது வேறு. இது யாரோ சப்பாத்தால் மிதித்ததுபோல் நின்றது.

காகம் கூடக் கத்தவில்லை. துடுப்பாடியவன் ஓட்டம் எடுக்க மறந்து நின்றான். எங்களில் ஒருவரும் பந்தை எடுக்கப் போகவில்லை.

"எடுங்கோவன்" என்றார் நடுவர். குரல் அவருடையதுபோல இல்லை.

கடைசியில் விக்கெட் காப்பாளர் போய், கையுறையின் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவர் தொண்டையைச் செருமி, "புல்லில ஈரம்" என்றார். மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. "ஓம், ஈரம்தான்" என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அவ்வளவு ஒற்றுமையாக எங்கள் அணி அதற்கு முன்போ பின்போ இருந்ததில்லை.

ஓவர் முடிந்தது. இனி ஸ்லிப்பில் யார் நிற்பது என்று கெப்டன் சுற்றிப் பார்த்தார். கெப்டன் சாம்பல்தீவுப் பையன், நல்ல பணிவு. அவர் பார்த்த திசையில் இருந்தவர்களெல்லாம் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தார்கள். என் வயிறு குனிய விடவில்லை. அகப்பட்டுக்கொண்டேன்.

"அண்ணை, நீங்கள் ஸ்லிப்புக்குப் போங்கோ. உங்கட முழங்காலுக்கும் நல்லது."

"மனதுக்கு நல்லதோ எண்டு கேளன்."

"போங்கோ அண்ணை, புல்லு ஈரம் எண்டு நடுவரே சொல்லிப்போட்டார்."

போனேன். அங்கே புல்லில் இரண்டு குழி. வருடக்கணக்காக ஒரே இடத்தில் ஒரே கனம் நின்றதால் விழுந்தவை. அவருடைய பாதம் என்னுடையதைவிட நன்றாகப் பெரியது. அவருடைய சப்பாத்தை ஒருமுறை போட்டுப் பார்த்து, வள்ளத்துக்குள் நிற்பதுபோல் நின்றிருக்கிறேன். ஆனால் அந்தக் குழிகளுக்குள் கால் வைத்தபோது அவை எனக்கு அளவாக இருந்தன.

ஊருக்குள் திரியும் மான்கள் பின்னேரங்களில் எங்கள் மைதானத்துக்கு மேய வரும். வெளியூர் அணிகள் படமெடுக்கும், நாங்கள் கலைப்போம். அன்று பின்னேரமும் வந்தன. ஆடுகளம்வரை மேய்ந்துகொண்டே வந்து, அந்த இரண்டு குழிகளை மட்டும் வளைந்து சுற்றிக்கொண்டு போயின. ஆள் நின்றால் விலகிப் போகுமே, அப்படி.

அந்தக் காலத்தில்தான் என் கண்ணும் மங்கத் தொடங்கியது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. கண்ணில் புரை வளர்ந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பேருந்தின் பலகையில் மூதூர் என்று இருப்பதாக நினைத்து ஏறி, தம்பலகாமத்து வயல் நடுவே இறங்கி நின்றிருக்கிறேன். வீட்டில் யானை பார்க்கப் போனதாகச் சொன்னேன்.

பந்து எனக்குத் தெரியவில்லை. பந்துவீச்சாளர் ஓடி வருவது பால் தேநீருக்குள் ஈ நீந்துவது மாதிரி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு "டொக்" என்ற சத்தம். என் கொள்கைப்படி அன்றைக்கே சப்பாத்தைக் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் கொள்கை தொலைக்காட்சியில் ஆடுகிறவர்களுக்கானது அல்லவா?

முதல் பிடி வந்தது இப்படி. "டொக்" கேட்டது. நல்ல விளிம்பு, யார் பிடித்தது என்று பார்க்கத் திரும்பினேன். எல்லாரும் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். எதையாவது முறித்துவிட்டேனோ என்று பயந்தேன். வயிற்றோடு அணைத்தபடி என் இரண்டு கைகளும் மூடியிருந்தன. திறந்தால் உள்ளே பந்து.

அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். இடப்பக்கம், வலப்பக்கம், கணுக்கால் உயரம், காதோரம். சத்தம் கேட்கும், கை கனக்கும், அணி ஓடி வரும். கை எப்போது போனது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. உள்ளங்கை சில்லென்று இருக்கும். உச்சி வெயிலில், ஐஸ்பெட்டிக்குள் இருந்து எடுத்த மாதிரி.

"அண்ணைக்கு வயசு ஏற ஏறக் கை குமராகுது" என்றார் கெப்டன். நான் பணிவாகச் சிரித்தேன். பயந்துபோயிருக்கும்போது பணிவாகச் சிரிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? அந்தப் பருவம் முழுக்க என்னைப் பற்றித்தான் ஊர்ப்பேச்சு. எனக்குப் பயமாக இருந்தது உண்மை. பிடித்திருந்தது என்பதும் உண்மை. பேயோ பிசாசோ, கைதட்டல் எனக்குத்தானே விழுந்தது!

வீட்டில்தான் முதலில் அகப்பட்டேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். கூட்டினால் விடை வரவேண்டும் அவருக்கு. ஒரு திங்கட்கிழமை என் வெள்ளைச் சட்டையைத் தோய்க்க எடுத்தவர், அதை மூக்கருகே வைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தார்.

"இஞ்சருங்கோ, களஞ்சியத்தில நீங்கள் எஞ்சினும் கழுவுறியளோ?"

"ஏன்?"

"டீசல் மணக்குது."

களஞ்சியத்தில் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே கழுவ! சட்டையை வாங்கி மணந்து பார்த்தேன். டீசல். அதற்கு அடியில் தைலம். நான் தைலம் பூசுவதில்லை; தும்மல் வரும்.

"விளையாட்டை எப்ப விடப் போறியள்?" என்றார்.

நான் வாய் திறந்தேன். "இந்த வருசம்தான் கடைசி."

அவர் சட்டையைக் கீழே போட்டுவிட்டார். சொன்ன சொல்லில் ஒன்றும் இல்லை. அது என் குரல் இல்லை. என் குரல் பெரியது. வகுப்பறைக்குள்ளும் கேட்கிறது, பள்ளி வாசலில் நின்று கூப்பிடக்கூடாது என்று அவரே தடைபோட்டிருக்கிறார். இது சின்னக் குரல்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

"வேண்டாம் விடும்" என்றேன், என் குரலில். எப்படியோ திரும்பி வந்திருந்தது. அவர் சட்டையைக் கால்விரலால் வாளிப் பக்கம் தள்ளினார்.

அடுத்து என்னைப் பிடித்தவர் விக்கெட் காப்பாளர். கடையில் வழக்கமான வாங்கில் இருந்து ஒரு பெரிய வீரருக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன், புடிங்க!"

எதுவோ வந்து நெஞ்சில் மோதி, என் தேநீருக்குள் விழுந்தது. தேநீருக்குள் பிழிய அவர் வைத்திருக்கும் தேசிக்காய்.

"இன்னொண்டு" என்றார். அது மூக்கில் பட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் குந்தினார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஒங்களுக்குக் கண் தெரியாது என்ன?"

"கொஞ்சம் மங்கல்."

"நான் ஒங்களுக்குப் பக்கத்தில நிக்கிறவன். பந்து வரக்குள்ள நீங்க வேற எங்கயோ பாத்துட்டு நிப்பீங்க. போன மெட்ச்சில கடலப் பாத்துட்டு நிண்டீங்க. கை மட்டும் தனியப் போய்ப் புடிச்சிட்டு வருது. நான் பாத்தன்."

அன்று பின்னேரம் பயிற்சிக்கு மற்றவர்கள் வருமுன்னர் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் மரத்தடியில் நிற்கவைத்து எறிந்தார். தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று, சொல்லக்கூடாத இடத்தில் ஒன்று. பிறகு அந்தக் குழிகளில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கண்ண மூடுங்க."

"மூடினாலும் திறந்தாலும் ஒண்டுதான்."

"மூடுங்க அண்ணன்."

மூடினேன். காற்று நின்றது. கடலும் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. கை கனத்தது. உள்ளங்கை குளிர்ந்தது. இன்னொன்று எறிந்தார், பிடித்தேன். மூன்றாவதாக அவர் எறிந்தாரோ, எறிவதுபோல் பாவனை செய்தாரோ தெரியாது, வலக்கை மெல்ல உயர்ந்து, வந்து சேராத பந்து ஒன்றுக்காகக் காதோரம் காத்து நின்றது. கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தேன். என்னுடையதுதான், மோதிரம் இருந்தது.

அவர் உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். பிறகு பந்தைப் பைக்குள் போட்டார்.

"அண்ணன், ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. அவரு விடல்ல. வருசா வருசம் கடைசி கடைசிண்டு சொல்லிச் சொல்லி, விடாமலே மவுத்தாப் போயிட்டார். அதான் இன்னும் நிக்கிறார். நீங்களும் விடாமப் போனா நீங்களும் நிப்பீங்க."

"இருக்கட்டுமன். துணைக்கு ஆள்."

"பகிடி விடாதீங்க. ஒங்களுக்குப் பிறகு அங்க நிக்கப் போறது ஆர்? என்ட முழங்காலப் பாருங்க, இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல குந்தி எழும்ப ஏலாது. கெப்டன் என்னத்தான் அங்க தள்ளுவார். பொறகு நீங்க ரெண்டு பேரும் என்ட கையில ஏறிடுவீங்க. எனக்குக் கடை இருக்கு, சுடுதண்ணி இருக்கு, பிள்ளைகள் இருக்கு. உசிரோட விட்டுட்டுப் போங்க, அண்ணன். ஒரு ஆளாவது உசிரோட விட்டாத்தான் இது முடியும்."

விளையாட்டைப் பற்றி எத்தனையோ பெரிய மனிதர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். எப்போது விலகவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் உடனே விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். இன்னும் இரண்டு ஆட்டம் விளையாடினேன். கைதட்டல் அப்படிப்பட்டது. இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் பிடியைத் தவறவிட்டபோது, என் வாயிலிருந்து "ச்சு" என்று வந்தது. பக்கத்தில் நின்ற விக்கெட் காப்பாளர் தலையைத் திருப்பாமலே, "கேட்டுதா?" என்றார். கேட்டது. ஆட்டம் முடிந்ததும் நேரே கெப்டனிடம் போனேன்.

"நான் விடுறன்."

"எதை அண்ணை?"

"விளையாட்டை. கண் ஒப்பரேசனுக்கும் நாள் தந்திட்டினம்."

அவர் திகைத்துப்போனார். "அப்பிடி ஒருத்தரும் விட்டதில்லையே அண்ணை."

யோசித்துப் பார்த்தால் உண்மை. எங்கள் அணியை விட்டு ஊர் மாறிப் போனவர்கள் உண்டு, வெளிநாடு போனவர்கள் உண்டு, சண்டைபிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. காணும், இனிப் போதும் என்று சொல்லி விலகியவர் ஒருவரும் இல்லை. மற்றவர்களெல்லாம் செத்துத்தான் ஓய்ந்தார்கள். உயிரோடு ஒருவரை எப்படி வழியனுப்புவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"நீங்கள் யோசியாதையுங்கோ, நாங்கள் வடிவாச் செய்வம்" என்றார் கெப்டன். அந்த வார்த்தையைக் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கண் வைத்தியர் என் கண்ணுக்குள் இருந்த பால் தேநீரை வடித்து எடுத்தார். சில நாள் கழித்து, மூதூர் அணியோடு நாங்கள் வருடாவருடம் விளையாடும் ஆட்டம் வந்தது. குனியக்கூடாது, தூசி படக்கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது என்ற நிபந்தனைகளோடு மனைவி என்னைக் கூட்டி வந்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஸ்லிப் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் இருக்கும் மரத்தடியில் ஒரு கதிரையில் இருத்தினார். பக்கத்தில் இன்னொரு கதிரை அவருக்கு. கையில் ஒரு கடதாசிப் பொதி இறால் வடையைத் தந்துவிட்டு, தேநீர் வாங்க அந்தப் பக்கம் போனார்.

எங்கள் அணி பந்துவீச இறங்கியது. பத்துப் பேர்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. யாராவது பிந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு ஸ்லிப்பைப் பார்த்தேன். வெறும் புல். பத்துப் பேரும் தொப்பியைக் கழற்றி, என் பக்கம் திரும்பி, தலை குனிந்து நின்றார்கள். கெப்டன் கண்ணைத் துடைத்தார்.

உயிரோடு இருப்பவனுக்கு ஆளில்லா ஓவர். எங்களுக்குத் தெரிந்த ஒரே மரியாதை அதுதான். அதை அன்போடு செய்துவிட்டார்கள்.

முறை தெரிந்த மூதூர்க் கெப்டன் துக்கம் விசாரிக்க எல்லைக்கோட்டுப் பக்கம் வந்தார். எங்கள் கெப்டனின் கையைப் பிடித்து, "ஆருக்கு இது? எப்ப நடந்த?" என்று கேட்டார்.

"அந்தா இருக்கிறாரே, அவருக்கு."

"அவரு வடை திங்கிறாரே!"

"ஓம். அவருக்குத்தான்."

மூதூர்க் கெப்டன் என்னைப் பார்த்தார். நான் வடையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பின்பக்கமாகவே நடந்து போனார்.

சிரித்தேன். சிரித்த கையோடு திரும்பவும் ஸ்லிப்பைப் பார்த்தேன். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் காலியாக இருக்கும் இடம் மாதிரி அது இல்லை. கச்சான் காற்றில் மைதானத்துப் புல் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அந்த இரண்டு குழிகளுக்கருகே மட்டும் புல் அசையாமல் நிமிர்ந்து நின்றது. பந்து அந்தப் பக்கம் போய், அன்றைக்கு நின்றதுபோல் நின்றுவிட்டால்? அப்போது அங்கே நிற்பது யார்? முன்னவரா, நானா? இங்கே கதிரையில் இருப்பவன் யார்? செத்தவனுக்குச் செய்வதைச் செய்துவிட்டார்களே, இனி என்னை அங்கே நிற்கவைத்துவிட்டு இந்த உடம்பை மட்டும் மனைவி வீட்டுக்குக் கூட்டிப் போவாரோ?

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது: பந்து நிற்கவேண்டும் என்று எனக்குள் ஒரு மூலை ஆசைப்பட்டது. நின்றால் அத்தனை பேரும் வாயைப் பிளப்பார்கள். போய்விட்டால், நான் அங்கே நின்றதற்கும் நிற்காததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று ஆகிவிடும். பயத்திலும் பெருமை பார்க்கிற பிறவி நான்.

மூதூர்க்காரன் மரியாதையாக விளையாடினான். பந்தையெல்லாம் மறுபக்கம் தட்டினான். ஓவரின் கடைசிப் பந்து. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

கண்டேன். பந்துவீச்சாளரின் கையை விட்டு அது வருவதை, அதன் தையல் சுழல்வதை, ஒரு பக்கம் மினுங்குவதை, துடுப்பின் விளிம்பை அது உரசுவதை. எல்லாவற்றையும் கண்டு முடித்த பிறகுதான், காற்றில் மிதந்து வந்து காதில் விழுந்தது, "டொக்".

பந்து அந்தக் குழிகளை நோக்கிப் போனது. விக்கெட் காப்பாளர் பாயவில்லை. தலையைத் திருப்பி அந்த இடத்தைப் பார்த்தார். நடுவர் நெஞ்சில் சிலுவை போட்டார். என் இரண்டு கைகளும் மடியிலிருந்து எழும்பின. உள்ளங்கை குளிர்ந்தது. கடைசி வடையை முழுசாக வாய்க்குள் தள்ளினேன். கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து, என் முழுப் பாரத்தையும் அவற்றின்மேல் போட்டு இருந்தேன். இத்தனை வருடம் வளர்த்த உடம்பு அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவியது.

பந்து போனது. குழிகளைத் தாண்டி, நிமிர்ந்து நின்ற புல்லுக்குள்ளால், எல்லைக்கோட்டைத் தாண்டி, என் கதிரைக்குப் பக்கத்தால் உருண்டு மதிலில் மோதியது. நான்கு ஓட்டம். அங்கே புல் மெல்லச் சாய்ந்தது, மற்றப் புல்லைப் போலவே.

விக்கெட் காப்பாளர் இரண்டு கையுறைகளையும் வானத்துக்குத் தூக்கி, தன் அணி கொடுத்த நான்கு ஓட்டத்துக்காக மூதூர்க்காரர்களைவிட உரத்துக் கத்தினார். கெப்டன் அவரை முறைத்தார். பதினோராவது ஆளாக ஒரு மெல்லிய பையன் உள்ளே ஓடிப் போய், குழிகள் கிடப்பதையே கவனிக்காமல், அவற்றுக்கு ஓரடி தள்ளி நின்றான்.

மூச்சை விட்டேன். அப்போது என் இடப்பக்கத்தில், மனைவிக்குப் போட்டிருந்த, இன்னும் ஒருவரும் வந்து இருக்காத கதிரையிலிருந்து, காதுக்கு மிக அருகே, நாக்கை மேலண்ணத்தில் தட்டும் சத்தம் ஒன்று வந்தது.

"ச்சு."

பிடி தவறியதற்கான அதே சத்தம். நான்தான் பழக்கதோசத்தில் போட்டிருப்பேன் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறார். போட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த நேரம் என் வாய் நிறைய இறால் வடை. முயன்று பாருங்கள், முடியாது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. டீசல் மணம் மெல்ல வந்தது. மைதானத்திலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வந்தது. முன்னவரும் ஒருவழியாக வெளியே வந்து கதிரையில் இருந்துவிட்டார் போலும். கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தேன். விறைத்துப்போய், என்னுடையவையாக இருந்தன. தேநீரோடு மனைவி வருவது தெரிந்தது. எழுந்து, என் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே மிச்ச ஆட்டத்தைப் பார்த்தேன்.

"ஏன் நிக்கிறியள்? பக்கத்துக் கதிரை சும்மாதானே கிடக்குது" என்றார்.

"கால் விறைச்சுப்போச்சு" என்றேன்.